சாம்பல் பெயின்டுக்கு அடியில் ஒரு ஹூவர்

"ரிப்பேர் எல்லாம் வேண்டாம் தம்பி. இதுக்கு என்ன விலை வரும்னு மட்டும் சொல்லுங்க."

சிங்கப்பூரின் ஈசூனில் நான்காம் மாடி வீடு ஒன்றில், துணி காயப்போடும் பின்கட்டில் நின்றுகொண்டு அந்த அம்மா சொன்னார். எண்பதைத் தாண்டியவர். வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பொங்கோலில் மகனோடு இருக்கப் போகிறார். பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. மிச்சமிருந்தவற்றில் ஒன்று, என் இடுப்பளவுக்கும் குறைவான ஒரு சதுர இரும்புப் பெட்டி. மூடி முதல் சக்கரம் வரை ஒரே சாம்பல் நிறம். பல வருடம் அரிசி வாளி உட்கார்ந்திருந்த வட்டத் தடம் மூடியின்மேல் அப்படியே இருந்தது.

பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் 15 வெள்ளி (டாலர்) தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் கைப்பேசியில் தேடிவிட்டு 3,000 என்கிறான். இரண்டுக்கும் நடுவில் யார் சொல்வது நியாயம் என்று தெரிந்துகொள்ளத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். வீட்டு மின்சாதனம் பழுதுபார்ப்பது என் தொழில். பழைய சலவை இயந்திரங்களைத் தேடிப் பார்ப்பது பதினைந்து வருடமாக என்னோடு ஒட்டிக்கொண்ட வேலை. விலை சொல்லச் சம்மதித்தேன். ஆனால் நான் வாங்கமாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். விலை சொல்கிறவனே வாங்குகிறவனாகவும் இருந்தால் அந்த விலையை யாரும் நம்பவேண்டியதில்லை.

மூடியைத் திறந்தேன். துணி பிழியும் இரட்டை ரப்பர் உருளை, கைப்பிடியோடு தொட்டிக்குள் மடித்து வைத்திருந்தது. தொட்டியின் அடியில் எதுவும் இல்லை. பக்கச் சுவரில், தாழ்வாக, வரிவரியாய் ஒரு வட்டத் தட்டு. அதைப் பார்த்ததும் பேரன் சொன்னது பிடிபட்டது.

"சான்யோ எஸ்டபிள்யூ-53, அங்கிள். ஜப்பான்ல இந்த வகையில வந்த முதல் மாடல். படத்துல அப்படியே இருக்கு பாருங்க."

அவன் காட்டிய படம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஹூவர் நிறுவனம் 1948-இல் வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்ற ஊரில் தொழிற்சாலை திறந்து, 0307 என்ற சிறிய சலவை இயந்திரத்தை விற்க ஆரம்பித்தது. அமெரிக்க இயந்திரங்களைப் போல நடுவில் தண்டு நின்று துணியைப் புரட்டாமல், பக்கச் சுவரில் ஒரு தட்டு வேகமாகச் சுழன்று தண்ணீரையே சுழிக்க வைக்கும். சான்யோவை நிறுவிய இவூயே தோஷியோ, வேறு வகை இயந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவரத் தயாராக இருந்த சமயத்தில் இந்த ஹூவரைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொண்டார். 1953-இல் 28,500 யென்னுக்கு எஸ்டபிள்யூ-53 வந்தது. பக்கச் சுவரில் தட்டு, சதுர உடம்பு, கையால் பிழியும் உருளை என எல்லாமே ஹூவரின் சாயல். இரண்டையும் படத்தில் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சான்யோவாக இருந்தால் பேரனின் 3,000 பேராசை இல்லை. ஜப்பானுக்கு வெளியே எஸ்டபிள்யூ-53 கிடைப்பது அபூர்வம். ஹூவராக இருந்தால் கணக்கே வேறு. முன்பக்கத்தில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், அவற்றின்மேலும் சாம்பல் பெயின்ட். பின்பக்கத்தில் விவரத் தகடு இருந்தது, அதன்மேலும் பெயின்ட்.

பக்கத்தில் ஈரத்துணி இருந்தது. அந்த அம்மா துடைக்கக் கையெடுத்தார். வேண்டாம் என்று தடுத்தேன்.

அதற்குப் பின்னால் ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. தங்ளின் ஹால்ட்டில் அடுக்குமாடி புளோக்குகள் காலியாகிக்கொண்டிருந்த நாட்களில், கீழ்த்தளத்தில் எடுத்துப்போக வைத்திருந்த ஒரு இரட்டைத்தொட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்தேன். மூடியின் உட்புறம் விற்ற கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. முகவரிக் கடைசியில் 'சிங்கப்பூர் 9' என்றும், பக்கத்தில் ஐந்து இலக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று ஒரு துடை துடைத்தேன். சீட்டு கூழாகிக் கையோடு வந்துவிட்டது. இந்த ஊரில் அப்படி ஒரு சீட்டு பிறப்புச் சான்றிதழுக்குச் சமம். ஓரிரு இலக்க அஞ்சல் வட்டாரம் என்றால் 1979-க்கு முந்தியது, ஏனென்றால் அந்த வருடம் நான்கு இலக்கம் வந்துவிட்டது. ஆறு இலக்கம் 1995-இல். தொலைபேசி எட்டு இலக்கமானது 2002-இல். ஒரு அங்குலக் காகிதத்தில் இருந்த இத்தனையையும் நானே அழித்தேன். அன்றிலிருந்து எந்தப் பழைய இயந்திரமானாலும் முதலில் படம், பிறகு காந்தம், பிறகு டார்ச். துணி கடைசியில்.

படம் எடுத்தேன். காந்தம் தொட்டியில் ஒட்டியது. ஆக அடியில் எஃகு. விரல் கணுவால் தட்டியதும் கிண்ணென்ற சத்தம், கண்ணாடிபோன்ற எனாமல். ஒரு ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு எனாமல் உதிர்ந்து துரு பிடித்திருந்தது. அது பரவியிருக்கவில்லை. உருளைகளை அழுத்தும் திருகு முழுக்கத் தளர்த்தியிருந்தது கண்ணில் பட்டபோதே, இந்த இயந்திரத்தை ஒரு கைதேர்ந்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. திருகை இறுக்கியபடியே வருடக்கணக்கில் விட்டால் உருளை ஒருபக்கம் தட்டையாகிவிடும். பெரும்பாலானவற்றில் அப்படித்தான் ஆகியிருக்கும்.

திறந்து பார்க்காமல் விலை சொல்ல முடியாது, பட்டறைக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். "எடுத்துட்டுப் போங்க. ஆனா என்ன எடுத்துட்டுப் போறீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மின்தூக்கிவரை வந்து வழியனுப்பினார்.

ஊபியில் ஒரு நண்பரின் பட்டறையில் எனக்கு ஒரு மேசை உண்டு. சனிக்கிழமை காலை இயந்திரத்தைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உள்ளே நுழையவில்லை, 14 வழுக்கியது. சுங்கை ரோட்டுச் சந்தையில் எப்போதோ எட்டு வெள்ளிக்கு வாங்கிய, பழைய பிரிட்டிஷ் அங்குல அளவான விட்வொர்த் ஸ்பேனர் கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடியபோது நான் இழந்தது இப்படிப்பட்ட கருவிகள் கிடைக்கும் ஒரே இடத்தை. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்போ பிரிட்டிஷ்தான்" என்றார் நண்பர். அவசரப்படக் கூடாது. அந்தக் காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகளிலும் விட்வொர்த் புரி இருந்தது. சிறிய திருகுகளைப் பார்க்க வேண்டும். சுவிட்ச் மூடியிலிருந்து ஒன்றைக் கழற்றி அளந்தேன்: விட்டம் 4.7 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் மெட்ரிக் நட்டு அதில் ஏறியது, ஆனால் லொடலொடவென்று ஆடியது. அது 2 பிஏ அளவு, புரியிடை 0.81 மில்லிமீட்டர். பிஏ என்பது பிரிட்டிஷ் கருவி செய்பவர்களின் சொந்த அளவு. ஜப்பானிய வீட்டு இயந்திரத்தில் அதற்கு வேலையே இல்லை.

இதன்பிறகுதான் விவரத் தகட்டைத் தொட்டேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் தூளை மூச்சில் இழுப்போம். கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தின்னரில் நனைத்து, ஒரு எழுத்துக்கு ஒரு குச்சி என்ற கணக்கில் இரண்டரை மணி நேரம். சாம்பல் நிறத்துக்கு அடியில் பாலாடை நிறம் எட்டிப்பார்த்தது. தகட்டில் முதலில் '...வேல், கிரீன்ஃபோர்ட்' என்ற முடிவு தெரிந்தது, பிறகு '0307', பிறகு '230-250 வோல்ட், 50 சி/எஸ்'.

பெரிவேல், கிரீன்ஃபோர்ட் என்பது மேற்கு லண்டனில் இருந்த ஹூவரின் தலைமையிடம். இயந்திரம் பிறந்தது வேல்ஸில், முகவரி மட்டும் தலைமையிடத்தினுடையது. மெர்தர் தொழிற்சாலை 2009-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெரிவேல் கட்டடத்தின் முன்பகுதி இப்போது குடியிருப்பு, பின்பகுதியில் சூப்பர்மார்க்கெட் நடக்கிறது. 'சி/எஸ்' என்பது வினாடிக்கு எத்தனை சுற்று என்பதன் சுருக்கம். ஹெர்ட்ஸ் என்ற அலகுப் பெயர் 1960-இல்தான் உலகளவில் ஏற்கப்பட்டது, தகடுகளில் இடம்பிடிக்க இன்னும் சில வருடம் ஆனது. தகட்டில் ஹெர்ட்ஸ் இல்லாமல் சி/எஸ் இருந்தால் அந்த இயந்திரம் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியதாக இருக்கும்.

இந்த வோல்ட் வரியைப் படிக்காமல் யாரும் வெளிநாட்டுப் பழைய இயந்திரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் இயந்திரம் நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு அப்படியே ஒத்துவரும். ஜப்பானின் உள்நாட்டு இயந்திரத்துக்கு 100 வோல்ட்தான். நேராகச் செருகினால் மோட்டார் எரியும். அமெரிக்க இயந்திரத்துக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், அலைவெண் மாறாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சூடாக ஓடும், புல்லி மாற்றாமல் சரிவராது. நாற்பதுகளில் அமெரிக்காவில் தோர் ஆட்டோமேஜிக் என்று ஒன்று வந்தது: ஒரே இயந்திரத்தில் துணித் தொட்டியை எடுத்துவிட்டுப் பாத்திரத் தொட்டியைப் பொருத்தலாம். கேட்கவே ஆசையாக இருக்கும். இரண்டு தொட்டியும் சேர்ந்து இருக்கிறதா என்பதே அங்கே விலை. ஒன்று மட்டும் இருந்தால் அது பாதி இயந்திரம்கூட இல்லை.

ஹூவருக்குத் திரும்புகிறேன். அடித்தட்டைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் கைவைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹூவர் தொழிற்சாலை போட்ட வயர் எதுவும் அங்கே இல்லை. துணி சுற்றிய வயர்கள், ஒவ்வொரு விரற்கடைக்கும் மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு ஒரே கட்டாக மோட்டார் வரை போயின. முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம், ஒரே இடைவெளி. கப்பல்களின் மின்பலகைகளில் இப்படிக் கட்டுவார்கள். வெளியே போகும் வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. முனையில் மூன்று உருண்டைக் கால் 15 ஆம்பியர் பிளக்.

அன்று மாலையே அந்த அம்மாவுக்கு அழைத்தேன். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தாருங்கம்மா?"

"நேவல் பேஸ்ல எலக்ட்ரிக் ஷாப். மோட்டாருக்குக் கம்பி சுத்துறது. வெள்ளைக்காரன் போனப்புறம் அதே யார்டுலதான் ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் எத்தனையோ. 1968-இல் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. 1971 அக்டோபர் இறுதிக்குள் பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி கிளம்பிவிட்டது. கிளம்பிய குடும்பங்கள் கட்டில், மேசை, குளிர்பெட்டி என்று விற்றுவிட்டுப் போனார்கள். இவருடைய கணவர் ஒரு அதிகாரி வீட்டிலிருந்து இதை வாங்கியிருக்கிறார். சாம்பல் பெயின்டும் பட்டறைப் பெயின்ட்தான். பெயின்ட் அடிக்கக் கழற்றிய ஹூவர் பெயர்த்தகடு பிறகு திரும்பப் போடப்படவே இல்லை.

"அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?" என்று கேட்டேன்.

"கேட் சீட்டு இருக்கும். சாமானை வெளிய கொண்டாரணும்னா சீட்டு வேணும்ல. அவர் எந்தச் சீட்டையும் கிழிக்கமாட்டாரு."

குப்பைக்குப் போக வைத்திருந்த ஒரு மைலோ டின்னில் அது இருந்தது. 1971 ஆகஸ்ட் தேதி, மையால் எழுதிய 'ஒரு சலவை இயந்திரம், ஹூவர்', 40 வெள்ளி, கணவரின் பெயர், அவருடைய பணி எண், ஒரு கையெழுத்து. பேரன் படமெடுத்து அனுப்பினான். அதைப் பார்த்த நிமிடத்தில் என் மனத்தில் இருந்த விலை மாறிவிட்டது.

வேலைக்கு வருகிறேன். ஓடும் நிலையில் இருக்கிறதா என்று தெரியாமல் விலை சொல்வது குருட்டு வேலை. ஆனால் ஐம்பது வருடம் சும்மா கிடந்த மோட்டாரை நேராக மின்சாரத்தில் செருகுவதும் குற்றம். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரை வைத்துச் சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே அளந்தேன்: 0.3 மெகாஓம். குறைந்தது 1 வேண்டும். நம் ஊர் ஈரம் அத்தனையும் சுருளுக்குள் இறங்கியிருந்தது. சுருள் அறுந்திருக்கவில்லை என்பதால் காயவைத்தால் போதும் என்று நம்பினேன். மோட்டாரைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கூடவே ஒரு 60 வாட் குண்டு பல்பு, ஒரு பை சிலிக்கா ஜெல், மேலே ஈரம் வெளியேற இரண்டு துளை. முதல் நாள் 0.8. இரண்டாம் நாள் 4. நான்காம் நாள் 35-ஐத் தாண்டியது. சூட்டைக் கூட்டி ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பழைய வார்னிஷ் வெடித்துவிடும், ஆறப்போடத்தான் வேண்டும்.

காயும் நாட்களில் மற்றதைப் பார்த்தேன். சுழலும் தட்டின் தண்டில் ஆயில் சீல் கல்லாக இறுகியிருந்தது. தண்டு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 12 ஏறாது, 13 ஒழுகும். ஜாலான் புசாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில் வயதான சீன அங்கிள், தண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, மேலே ஏணி வைத்து ஏறி, தூசி படிந்த டப்பாவிலிருந்து அங்குல அளவு சீல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆறு வெள்ளி. தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்கள் தேய்ந்திருக்கவில்லை, வறண்டிருந்தன. இந்த வகை புஷ் கடற்பஞ்சுபோல எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். கழுவி, வெதுவெதுப்பான டர்பைன் எண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டேன். காலையில் சின்னச் சின்னக் குமிழிகள் நின்றிருந்தன. பெல்ட் வெடித்துக் கிடந்தது. நூல் சுற்றி அளந்து புதிது, ஒன்பது வெள்ளி.

வயர்தான் என்னை நிறுத்திவைத்தது. துணிக்குள் இருந்த ரப்பர் பொடியாக உதிர்ந்தது. அதில் மின்சாரம் விட முடியாது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அந்தக் கட்டு அவர் கைவேலை. தொழிற்சாலை வயர் இல்லை என்பதால் 'மூலம் கெட்டது' என்று விலையைக் குறைப்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. தெரியாதவன் கையில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்ட இயந்திரம் கெட்டுப்போனது. தெரிந்தவர் தன் பட்டறைப் பழக்கத்தோடு கட்டிய இயந்திரம், அது எங்கே வாழ்ந்தது என்று சொல்கிறது. ஒரு முடிச்சையும் அறுக்காமல் முனைகளை மட்டும் விடுவித்துக் கட்டை முழுதாக வெளியே எடுத்தேன். உறையில் போட்டு எழுதி வைத்தேன். அதே நீளத்தில் புது வயர் வெட்டி, மெழுகு நூல் வாங்கி, அவர் முடிச்சைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். முதல் நான்கு முடிச்சு தளர்ந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். வெளி வயர் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள், முனையில் ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக். எர்த் முள்ளிலிருந்து உடம்புவரை மின்தடை 0.1 ஓமுக்குக் கீழ்.

பழைய இயந்திரங்களில் கை வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் இறுதிவரை வந்த கப்பாசிட்டர்கள் பலவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் உண்டு. உப்பியோ ஒழுகியோ இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள். மற்றது, 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத வீட்டில் இவற்றை ஓட்டவே கூடாது. 1985-க்கு முந்திய வீடுகள் சிலவற்றில் அது இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்த வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

பிழியும் உருளைகளை நான் மாற்றவில்லை. ரப்பர் இறுகி, மேலே மெல்லிய வெடிப்புகள். அச்சு இயந்திர உருளைகளுக்குப் புதிதாக ரப்பர் போர்த்தும் பட்டறையில் கேட்டேன். 180 வெள்ளி என்றார்கள். வட்டம் கெடாத மூல உருளை இருக்கும்போது அதைச் சுரண்டி எடுக்க மனம் வரவில்லை. மெல்லிய துணிக்கு இன்னும் தாங்கும். உதிர்ந்த எனாமலில் துருவைத் தணித்து எபாக்ஸி வைத்தேன், நிறம் சேர்க்கவில்லை. ஒட்டு எங்கே என்று வாங்குபவருக்குத் தெரியட்டும்.

அடுத்த சனிக்கிழமை, முதலில் 100 வாட் பல்பைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது, மோட்டார் முனகிக்கொண்டு மெல்ல அசைந்தது. ஷார்ட் இல்லை. பிறகு நேர் மின்சாரம். தண்ணீர் நிரப்பி, இரண்டு துண்டு போட்டேன். தட்டு சுழன்றதும் தொட்டி நீர் ஒருபக்கமாகச் சாய்ந்து சுழித்து, துண்டு மேலே வந்து, புரண்டு, உள்ளே போனது. ஐந்து நிமிடம். சீலின் கீழே காகிதம் விரித்திருந்தேன், காகிதம் நனையவில்லை.

இனி விலை. பிரிட்டனில் 0307 அரிதானது இல்லை. போருக்குப் பிந்திய வீடுகளில் பரவலாக விற்றது, இன்றும் ஏலங்களில் வந்துகொண்டே இருக்கும். அங்கே முடிந்த ஏலங்களின் விலையைத்தான் பார்க்க வேண்டும். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வருடக்கணக்கில் விற்காமலும் கிடக்கும். பேரன் பார்த்த 3,000 அப்படி ஒரு கேட்கும் விலை, அதுவும் வேறு இயந்திரத்துக்கு. அங்கிருந்து கப்பலில் வரவழைக்கும் செலவு இயந்திரத்தின் விலையைத் தின்றுவிடும். ஆகவே இங்கே இருக்கும் ஒன்றுக்கு இங்கே இருப்பவர்கள் தருவதுதான் விலை. அலங்காரத்துக்குக் கேட்கும் காப்பிக்கடைக்காரர்களுக்கு மோட்டார் வேண்டாம், பாலாடை நிறத்தில் பளபளப்பு வேண்டும். சாம்பலைச் சுரண்டி உள்ளே செடி வைப்பார்கள். அவர்களில் ஒருவர் 250 சொன்னார். அந்த விலையை நான் அந்த அம்மாவிடம் சொன்னேன், ஆனால் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பெயர்த்தகடு இல்லாதது குறை. சாம்பல் பெயின்ட், பொதுவாகப் பார்ப்பவருக்குக் குறை; கடற்படைத் தளக் காலத்துப் பொருள் சேர்ப்பவருக்கு அதுவே தேவை. பிழியும் உருளை, மூடி, வடிகுழாய்க் கொக்கி எல்லாம் கூடவே இருப்பதும், ஓடுவதும் நிறை. ஓடும் நிலையில் 350-லிருந்து 400 வரை என்று கணக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து இதையெல்லாம் சொன்னேன். என் பழைய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்தார். உறையிலிருந்த வயர் கட்டை வெளியே எடுக்காமல், பிளாஸ்டிக்கின் மேலாகவே விரலை ஓட்டினார்.

"சரி. சீட்டு இல்லாம நானூறு. சீட்டோட எவ்வளவு?"

"அறுநூறு தர ஆள் இருக்கு."

"ஒரு காகிதத்துக்கு இருநூறா?"

ஆம் என்றேன். இந்த இயந்திரம் எங்கிருந்து, எப்போது, யார் கையில் வந்தது என்பதைச் சொல்ல வேறு எதுவுமே இல்லை, நானும் பேரனும் சொல்வது வெறும் வாய்வார்த்தை என்று விளக்கினேன். தலையாட்டினார். இயந்திரம் ஓடுவதைப் பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, "அதான் பார்த்திருக்கேனே. சட்டைப் பொத்தானை எல்லாம் பிச்சிடும். உருளைக்குள்ள விடறப்ப பொத்தானை உள்பக்கம் மடிச்சு விடணும்" என்றார். அதைக் குறித்துக்கொண்டேன்.

வாங்க வந்தவர் செம்பவாங், சிலேத்தார் தளங்களின் வீட்டுப் பொருள்களைச் சேர்ப்பவர். இயந்திரத்தை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தார், வயர் முடிச்சுகளுக்கு டார்ச் அடித்துப் பார்த்தார், 600 கொடுக்கச் சம்மதித்தார். அந்த அம்மா மைலோ டின்னைத் திறந்து சீட்டை மேசையில் வைத்தார். பிறகு அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இதுல அவர் பேரு இருக்கு. நம்பர் இருக்கு. வேற எந்தக் காகிதத்துலயும் அவர் நம்பர் எங்கிட்ட இல்ல. நகல் எடுத்துக்குங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். நகலுக்கு விலை குறையும் என்று நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை. "தெரியுமே. எவ்வளவு குறையும், அதைச் சொல்லுங்க" என்றார். 470-இல் முடிந்தது. பேரன் கீழே போய் இரண்டு நகல் எடுத்து வந்தான். இயந்திரத்தோடு போகும் விவர அட்டையில் கடைசி வரியை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: வாயில் சீட்டு, 1971, நகல் இணைப்பு, மூலம் குடும்பத்தாரிடம்.

உருளைத் திருகைத் தளர்த்திவிட்டு மூடியைச் சாத்தினேன். இருவர் தூக்கி மின்தூக்கிக்குள் வைத்தோம்.